அசையாத வயோலா

திங்கட்கிழமை காலை ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அவள் மேடைக்கு வந்தபோது நாற்காலிகள் இடம் மாறியிருந்தன.

பத்து மணிக்கு ஒத்திகை. அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், மேடையின் நடுவில், ஒரு செல்லோக்காரர் தன் பெரிய வாத்தியத்தைக் கால்களுக்கு நடுவில் நிறுத்தி உட்கார்ந்து வில்லுக்கு ரோசின் தேய்த்துக்கொண்டிருந்தார். ரயிலில் இன்னொருவர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டவர்போல் சிரித்தார். வில்லால் வலது பக்கம் காட்டினார். அங்கே, மேடையின் விளிம்பில், பத்து நாற்காலிகள், ஐந்து தாங்கிகள். தாங்கிகளில் வயோலா என்று எழுதி ஒட்டியிருந்தது, வயலினைவிடச் சற்றுப் பெரிய அவள் வாத்தியத்தின் பெயர்.

"புது மாப்பிள்ளை வந்ததும் வராததுமா வீட்டை இடிச்சுக் கட்டறார்," என்றார் கொட்டாவி.

அவளும் அவரும் ஒரே தாங்கியில் தாள் வைத்து வாசிப்பவர்கள். பக்கம் முடிந்ததும் அவர் புரட்டுவார், அவள் வாசித்துக்கொண்டே போவாள். ஒத்திகையில் அவர் வாயை மூடிப் பார்த்தவர் இல்லை என்பதால் அந்தப் பெயர். புது மாப்பிள்ளை என்பது புதிய கண்டக்டர், கையில் குச்சியோடு முன்னால் நின்று ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர். வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. செல்லோக்களை உள்ளே வைத்தால் அவற்றின் ஓசை நேராகச் சபைக்குப் போகும் என்று சொன்னாராம். இதில் புதுமை ஒன்றுமில்லை. சிலர் வயோலாவை உள்ளே வைப்பார்கள், சிலர் வெளியே. வெளியே உட்கார்ந்தால் வயோலாவின் வாய் பின்சுவரைப் பார்க்கும். கல்யாண வீட்டில் பெண்ணுக்குச் சித்தப்பா மாதிரிதான் வயோலா, இல்லாவிட்டால் எங்கே என்பார்கள், இருந்தால் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள் என்றார் கொட்டாவி.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையின் நடுவில் நான்கு டிம்பனிகளும் அதே இடத்தில் இருந்தன. அவற்றின் பின்னால் அவள் கணவர் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செல்லோக்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிம்பனி என்பது செம்புக் கொப்பரையின் வாயில் தோலை இழுத்துக் கட்டிய முரசு. மற்ற முரசுகளுக்கு ஓசை மட்டும்தான். இதற்குச் சுரம் உண்டு. காலடியில் உள்ள மிதியை அழுத்தினால் தோல் இறுகிச் சுரம் ஏறும், விட்டால் இறங்கும். ஹெய்டனும் மொசார்ட்டும் எழுதிய நாட்களில் பெரும்பாலும் இரண்டே முரசுகள். ஆரம்பத்தில் சுருதி சேர்த்தால் அந்தப் பகுதி முடியும்வரை அதே சுரங்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது போதவில்லை. நடுவில் சுரத்தை மாற்று என்று எழுதினார்கள். மற்ற எழுபது பேரும் ஏதேதோ வாசித்துக்கொண்டிருக்க, டிம்பனிக்காரர் குனிந்து, தோலுக்குப் பக்கத்தில் காதை வைத்து, ஒரு விரலால் சுண்டி, யாருக்கும் தெரியாமல் புதுச் சுரத்தைப் பிடிக்கவேண்டும். அவள் கணவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தக் குனிதல்தான். ஆர்கெஸ்ட்ராவில் அவரை இடி என்பார்கள். மெதுவாக வாசிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் வைத்த பெயர் அது, குண்டனை ஒல்லி என்பதுபோல.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் காலையில் தொலைபேசியை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினார். மறுமுனையில் அடித்த மணியின் சுரம் இறங்கியது. திரும்ப மாற்றினார். ஏறியது. ஐந்தாறு தடவை அப்படிச் செய்ததை அவள் சமையலறையிலிருந்து பார்த்தாள். பிறகு வைத்துவிட்டார். யாரைக் கூப்பிட்டார் என்று அவளும் கேட்கவில்லை.

இடது காது எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டிக் கேட்கிறது என்றார் டாக்டர். மெல்லிய ஓசைகள் இரண்டு காதிலும் கேட்காமல் போய்க்கொண்டிருக்கின்றன. மருந்து கிடையாது. எழுந்து வாசல்வரை வந்து தோளைத் தட்டி, பீத்தோவனுக்கே காது கேட்காதே சார் என்றார்.

"அவர் எழுதினார் டாக்டர். எழுதறவனுக்கு மண்டைக்குள்ள கேட்டாப் போதும்," என்றார் கணவர். "நான் அடிக்கிறவன்."

அந்த மாதமே நிர்வாகத்திலிருந்து முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. டிம்பனியில் சுருதி சரியில்லை, இரண்டு நிகழ்ச்சிகளில். இன்னொரு கடிதம் வந்தால் மறுதேர்வு. ஆர்கெஸ்ட்ராவில் தேர்வு திரைக்குப் பின்னால் நடக்கும். தேர்வாளர்களுக்கு வாசிப்பவர் முகம் தெரியாது. நடையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்வார்கள். இருபத்தாறு வயதில் அவர் அப்படித்தான் வெறுங்காலோடு போய் இந்த வேலையை வாங்கினார். இப்போது போனால் வாங்கியதைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

வயோலாவால் அடையாளம் காட்டுவது அவளுடைய யோசனை.

அப்போது அவள் வயோலாக்களில் இரண்டாவது தாங்கியில் இருந்தாள். பதினோரு வருடத்தில் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக நகர்ந்து வந்த இடம். கடைசித் தாங்கிக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். முன்வரிசை விளக்கில் கண் கூசுகிறது என்று காரணம். முன்னால் போகத்தான் அவனவன் முட்டிமோதிக்கொண்டு நிற்கிறான், நீ என்ன பின்னால் போகிறாய் என்று வயோலாத் தலைவி கேட்டாள். கேட்டுவிட்டு அனுப்பிவைத்தாள்.

கடைசித் தாங்கிக்கும் டிம்பனிக்கும் நடுவில் நான்கு அடி. அவர் தோலைச் சுண்டினால் அவள் முதுகில் கேட்கும். சுரம் இறங்கியிருந்தால் வயோலாவின் தலையை ஒரு விரற்கடை தூக்குவாள். ஏறியிருந்தால் தாழ்த்துவாள். சரியாக இருந்தால் அசைக்கமாட்டாள். அவர் மிதியைத் தொட்டுத் திருத்துவார், திரும்பச் சுண்டுவார். வாசிப்பவர்கள் எப்போதும் கொஞ்சம் ஆடுவார்கள் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. ஒருமுறை தலைவி மட்டும், கொடி பிடிக்கிற மாதிரி வயோலாவைப் பிடிக்காதே என்றாள்.

இரண்டு வருடமாக இரண்டாவது கடிதம் வரவில்லை.

அன்று திங்கட்கிழமை, ஓபோ என்ற குழல் தன் ஏ சுரத்தைக் கொடுத்தது. ஆர்கெஸ்ட்ராவில் எல்லோரும் ஓபோவுக்குத்தான் சுருதி சேர்ப்பார்கள். அதன் ஓசை கூர்மையானது, கூட்டத்திலும் தனியாகக் கேட்கும். அது நிற்கும் இடத்துக்கு மற்றவர்கள் வரவேண்டும். முதல் ஓபோக்காரருக்குச் சுருதிப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அது பிடிக்கும்.

அவள் புதிய இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் டிம்பனிக்கும் நடுவில் எட்டு செல்லோக்கள், ஆளுயரத்துக்கு நான்கு டபுள் பாஸ்கள். வாசிக்க எடுத்தது ஒரு பெரிய சிம்பொனி. இரண்டாவது பகுதி மெதுவானது. அதன் கடைசியில் டிம்பனிக்கு ஐம்பத்தெட்டு அளவு மௌனம். அளவு என்பது தாளத்தின் ஒரு சுற்று. அந்த மௌனத்தில் ஒரு முரசை ஜி-யிலிருந்து எஃப்-க்கு இறக்கவேண்டும். பிறகு எல்லா வாத்தியங்களும் ஒவ்வொன்றாக நின்றுபோக, டபுள் பாஸும் டிம்பனியும் மட்டும் அந்த எஃப்-ஐ ஆறு அளவுக்கு நீட்டி முடிக்கும். மறைந்துகொள்ள இடமில்லாத சுரம்.

ஐம்பத்தெட்டு அளவு வந்தது. அவள் காதை நீட்டினாள். அவர் குனிவது ஓரக்கண்ணில் தெரிந்தது. விரல் சுண்டியது. செல்லோக்கள் ஒரு நீண்ட மெட்டை வாசித்துக்கொண்டிருந்தன. வேறொன்றும் கேட்கவில்லை.

வயோலாவை அசைக்காமல் பிடித்தாள். பிடித்த பிறகுதான் உறைத்தது. அசையாவிட்டால் சரி என்று அர்த்தம். சுரத்தை ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று, சரிக்கு ஒன்று என்று அடையாளம் வைத்தார்கள். தெரியவில்லை என்பதற்கு ஒன்றும் வைக்கவில்லை. நான்கு அடி தூரத்தில் அது தேவைப்படும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

எஃப் வந்தது. கண்டக்டர் குச்சியை நிறுத்தினார்.

டிம்பனி சார், ஒரு மயிரிழை இறங்கியிருக்கு என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கணவர் தலையசைத்து மிதியை அழுத்தினார். சுருதிப்பெட்டி திரும்பிப் பார்த்து, பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த செல்லோ மெட்டை அவள் இதற்கு முன் முழுதாகக் கேட்டதே இல்லை. இதே சிம்பொனியைப் போன வருடம் நான்கு தடவை வாசித்திருக்கிறாள். நான்கு தடவையும் அந்த இடத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு விரல் சுண்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் நாத்தனார் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தாள். கணவரின் அக்கா. தனியாகிப்போன பிறகு இவர்களோடு இருக்கிறாள். சங்கீதத்தில் அவளுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. டிக்கெட் கிழிக்காத கண்டக்டரை உங்க வேலையிலதான் பார்க்கிறேன் என்பாள். அன்று தம்பியின் முகத்தைப் பார்த்ததும் தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அவர் சாப்பிட்டார். கை கழுவினார். துடைத்துக்கொண்டே, நீ பழைய இடத்துக்கு வந்தாகணும் என்றார்.

தான் போய்க் கேட்கமுடியாது என்றும் சொன்னார். வயோலா எங்கே உட்கார்ந்தால் டிம்பனிக்கு என்ன வந்தது என்று அந்த ஆள் யோசிக்க ஆரம்பித்தால் நூல் பிடித்து எங்கே வந்து நிற்பானோ தெரியாது. அவள் போகவேண்டும். வெளிவரிசை விளக்கு கண்ணைக் குத்துகிறது, எனக்கு மட்டும் உள்ளே ஒரு நாற்காலி போடுங்கள், செல்லோவுக்குப் பின்னால் என்றாலும் பரவாயில்லை என்று கேட்கவேண்டும். அந்தக் காரணம் பழைய கடிதத்திலும் இருக்கிறது. சந்தேகம் வராது.

"ஒத்தை வயோலாவை அவ்ளோ தள்ளி உக்கார வைப்பாரா?" என்றாள்.

"கேட்டாத்தானே தெரியும். அழுத பிள்ளைக்குத்தான் பால்."

அவர் கெஞ்சவில்லை. இத்தனை வருடத்தில் கெஞ்சியதில்லை. துண்டை நான்காக மடித்து நாற்காலி முதுகில் போட்டு, அதன் ஓரங்களை நேராக்கிக்கொண்டே நின்றார்.

புதன்கிழமை ஒத்திகைக்குப் பிறகு அவள் கண்டக்டர் அறைக்குப் போனாள். சின்ன அறை. ஒரு பியானோ, அதன்மேல் ஈரக்குடை. கண்டக்டர் காலணியைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை நீவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவசரமாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மேடையில் இருப்பதைவிடச் சிறிய மனிதராகத் தெரிந்தார். உட்காருங்க என்றார். புது இடம் எப்படி இருக்கிறது, வயோலாக்கள் என்னைத் திட்டுகிறார்களா என்று கேட்டார்.

சொல்லவேண்டியது நாக்கின் நுனியில் இருந்தது. விளக்கு, கண், உள்ளே ஒரு நாற்காலி. ஐந்து வார்த்தை.

"நீங்க எதுனாலும் சொல்லலாம்மா," என்றார் அவர். "ஒருத்தர் ரெண்டு பேர்னா மாத்தறது எனக்குப் பெரிய விஷயம் இல்ல."

அவள் கையிலிருந்த தாளைப் பிரித்தாள். மூன்றாம் பகுதியில் ஓரிடத்தைக் காட்டினாள். இதை வில்லை மேலே தள்ளி ஆரம்பிப்பதா, கீழே இழுத்து ஆரம்பிப்பதா என்று கேட்டாள். தலைவியிடம் கேட்கவேண்டிய கேள்வி. பத்து வருடம் வாசித்தவர்கள் அதையும் கேட்கமாட்டார்கள். அவர் தாளை வாங்கிப் பார்த்து, கீழே இழுத்து என்றார். பென்சிலால் குறித்துக் கொடுத்தார். அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நடையில் ஒரு டபுள் பாஸ்காரர் தன் வாத்தியத்தைச் சக்கரம் வைத்து உருட்டிக்கொண்டு போனார். அவர் போக வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் போய் வெகுநேரம் ஆன பிறகும் அங்கேயே நின்றாள்.

பேருந்து நிறுத்தத்தில் கணவர் காத்திருந்தார்.

"முடியாதுன்னுட்டார்," என்றாள்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். பேருந்து வந்தது. அவளை முன்னால் ஏறவிட்டார்.

வியாழனும் வெள்ளியும் அவர் அரங்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போனார். ஒவ்வொரு டிம்பனியின் பக்கத்திலும் ஒரு அளவுகாட்டி உண்டு. மிதியை அழுத்தும்போது முள் நகர்ந்து, ஈ, எஃப், ஜி என்று எழுத்துகளைக் காட்டும். நல்ல வாத்தியக்காரன் அதைத் தோராயமாகப் பார்த்துக்கொள்வான், நம்பமாட்டான். முள் பார்ப்பது இரும்பை, தோலை அல்ல. தோல் செத்த பிறகும் உயிருள்ள சாமான். விளக்குச் சூட்டில் காய்ந்தால் ஏறும், ஈரக் காற்றில் ஊறினால் இறங்கும். முள் அதே எழுத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் அவர் இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது எஃப் எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டார். அவளைப் பக்கத்தில் நிற்கவைத்து, மிதியை ஏற்றி இறக்கி, சரியா, இப்போ சரியா என்று கேட்டுக் கேட்டுப் போட்ட கோடு.

சனிக்கிழமை ஒத்திகையில் எஃப் சுத்தமாக விழுந்தது. கண்டக்டர் பின்வரிசையைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். அன்று வீட்டில் கணவர் இரண்டு தடவை சிரித்தார். கோடு போதும்போலிருக்கிறது, நீ பேசாமல் உன் வாசிப்பைப் பார்த்துக்கொள் என்றார். சொல்லிவிட்டு, எதற்கும் ஒரு காதை இந்தப் பக்கம் வைத்துக்கொள் என்றார். அங்கேயிருந்து கேட்டால் கேட்கட்டும்.

அவள் சரி என்றாள்.

ஞாயிறு நான்கு மணி நிகழ்ச்சி. மதியம் மழை பிடித்தது. கொட்டித் தீர்த்தது. ஆயிரம் பேர் நனைந்த உடையோடும் குடையோடும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அரங்கம் வேட்டி காயப்போட்ட அறைபோல் வாடை அடித்தது. கொட்டாவி தன் வயோலாவின் தந்தியை இழுத்துப் பார்த்து, எல்லாம் சளி பிடிச்சுக் கிடக்கு என்றார். அவள் டிம்பனிப் பக்கம் பார்த்தாள். கணவர் நான்கையும் சுண்டிச் சுண்டி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பகுதி ஓசை நிறைந்தது. அதில் தப்பு தெரியாது.

இரண்டாவது பகுதியில் அந்த ஐம்பத்தெட்டு அளவு தொடங்கியது. வயோலாக்களுக்கு அங்கே நீண்ட, மெல்லிய சுரங்கள் மட்டுமே. செல்லோக்கள் மெட்டை எடுத்தன. திங்கட்கிழமையிலிருந்து அவள் அதற்காகக் காத்திருந்தாள். மெட்டு ஒரு படி ஏறி, தயங்கி, இரண்டு படி இறங்கியது. பழக்கமில்லாத வீட்டில் விளக்கில்லாமல் நடப்பவர்போல. அவளுடைய சுரம் அதற்குக் கீழே தரைமாதிரி இருந்தது. அப்படி இருப்பதுதான் வயோலாவின் வேலை என்று அவள் மாணவிகளிடம் சொல்லியிருக்கிறாள். அது எப்படி இருக்கும் என்பது அவளுக்கே மறந்திருந்தது.

மெட்டு ஓரிடத்தில் மூச்சு வாங்கியது. ஒன்றரை அளவுக்கு வயோலாக்களும் ஒரு கிளாரினெட்டும் மட்டும். அப்போது அவர் சுண்டினார்.

கேட்டது. பன்னிரண்டு மீட்டர் தாண்டி, யாரோ அடுத்த அறையில் ஒரு பெட்டியை மூடியதுபோல் மெல்லிதாக, ஆனால் தெளிவாகக் கேட்டது. எஃப் இல்லை. எஃப்-க்குக் கீழே, கால் சுரம் இறங்கிய எஃப். தோல் மழையைக் குடித்திருந்தது.

ஓரக்கண்ணில் அவர் நிமிர்வது தெரிந்தது. முள்ளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அது அவளுக்குத் தெரியும், பார்க்கவேண்டியதில்லை.

இன்னும் இருபது அளவு இருந்தது. ஒரு விரற்கடை போதும். வயோலாவின் தலையைத் தூக்கினால் அவர் மிதியைத் தொடுவார், திரும்பச் சுண்டுவார். அவள் அடுத்த சுண்டலுக்குக் காதைத் தீட்டவேண்டும். அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும். அவர் ஓய்வு பெற இன்னும் பத்து வருடம் இருந்தது.

செல்லோக்கள் மெட்டின் இரண்டாவது பாதியை எடுத்தன. அவள் அதைக் கேட்டாள்.

பத்து அளவு. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். வயோலா ஆடாமல் இருக்க அவள் தாடையைச் சற்று அழுத்திவைத்துக்கொண்டாள். தன்னை அறியாமல் செய்தேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள முடியாதபடி, அறிந்தே அழுத்தினாள்.

கொட்டாவி பக்கத்தைப் புரட்டினார். வயோலாக்கள் நின்றன. கிளாரினெட் நின்றது. செல்லோக்கள் நின்றன. டபுள் பாஸ்கள் எஃப்-ஐப் பிடித்தன. அதன்மேல் டிம்பனி வந்தது, அவ்வளவு மென்மையாக, அவரைத் தவிர வேறு யாராலும் அடிக்கமுடியாத மென்மையோடு. தவறான சுரம். இரண்டும் ஒட்டவில்லை. நடுவில் ஒரு துடிப்பு, பல்வலிபோல, ஆறு அளவுக்கும் விடாமல் துடித்தது. சபையில் எத்தனை பேருக்குப் புரிந்ததோ தெரியாது. மேடையில் எழுபது பேருக்கும் புரிந்தது. சுருதிப்பெட்டியின் பின்கழுத்து சிவந்தது. கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு குச்சியை மெதுவாக இறக்கினார்.

மூன்றாம் பகுதியில் அவர் ஒவ்வொரு அடியையும் சரியாக அடித்தார். நான்காவதிலும். முடிந்ததும் கைதட்டினார்கள். கண்டக்டர் ஒவ்வொரு குழுவாக எழுப்பி நிறுத்தி மரியாதை வாங்கிக் கொடுத்தார். டிம்பனியையும் எழுப்பினார். அவர் எழுந்து நின்றார். கைதட்டல் குறையவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நடையில் யாரும் அவளிடம் பேசவில்லை. கொட்டாவி மட்டும், மழை என்றார், மழைக்கு யார் என்ன செய்யமுடியும் என்றார். சொல்லி முடித்ததும், வழக்கத்துக்கு மாறாக, அவர் வாய் மூடியிருந்தது.

பின்மேடைக்கு அடுத்த வாத்தியக் கிடங்கில் அவள் காத்திருந்தாள். கணவரைக் கண்டக்டர் கூப்பிட்டனுப்பியிருந்தார். உறை போட்ட ஹார்ப் ஒன்று மூலையில் நின்றது. உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலில் வெளிச்சம் இன்னும் இருந்தது. மழை விட்டிருந்தது. வயோலாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அங்கே நாற்காலிப் பேச்சு வந்திருக்குமா என்று நினைத்தாள். உங்க மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லையே என்று அந்த மனிதர் சொல்லியிருப்பாரா. சொல்லியிருந்தால் இந்நேரம் கதவு திறந்திருக்கும் என்று நினைத்தாள். கதவு திறக்கவில்லை. சொல்லாமல் இருந்திருந்தாலும் இந்நேரம் திறந்திருக்கவேண்டும்.

இருபது நிமிடம் கழித்து வந்தார். குச்சிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். பஞ்சு சுற்றிய தலைகள் ஒன்றோடொன்று உரசாமல் வைப்பது அவர் வழக்கம். அன்றும் அப்படியே வைத்தார். வைத்துவிட்டு, கடிதம் எழுதமாட்டாராம் என்றார். ஈரக் காற்று, தோல், எல்லாம் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு தடவை யாருக்கும் நடக்கும் என்றாராம். ஆனால் இன்னொரு தடவை நடந்தால் கடிதம் இல்லை, நேராகத் திரைதான்.

நாற்காலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மூச்சை விட்டாள். உடனே அதற்காகக் கூசினாள்.

அவர் எதிரே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். நன்றாக யோசித்து வந்திருப்பதாகச் சொன்னார். பேருந்துக் கட்டணம் கூடியதைப்பற்றிச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். அவளுக்கு அங்கேயிருந்து கேட்கவில்லை என்றால், அசையாமல் இருந்ததற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. குற்றம் நாற்காலியில் இருக்கிறது. வெட்கத்தைப் பார்க்காமல் நாளைக் காலையில் தானே கண்டக்டரிடம் போய், காது விஷயத்தையும் சொல்லி, அவளுக்குப் பழைய இடத்தைத் தரச்சொல்லிக் கேட்பார். அந்த ஆள் இரக்கமுள்ளவன்தான். ஒருவேளை தருவான்.

"போகவேண்டாங்க," என்றாள்.

"ஏன்?"

அவள் பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடினாள்.

அவர் காத்திருந்தார். பிறகு தலையை மெல்லச் சாய்த்தார், வலது காது அவள் பக்கம் வரும்படி. சுருதி பிடிக்கும்போது தோல்மேல் குனிகிற அதே சாய்வு.

"உன் காதுல கேட்டிருந்தா, அது வேற கதை," என்றார். "அப்ப நான் யாருகிட்டயும் போகமாட்டேன். நாளைக்கே வேலைய விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடறேன். ஆத்திரத்துல சொல்லல. இனி அந்த முரசுக்குப் பின்னால நான் யாரை நம்பி நிக்கறது?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ குடையை உதறினார்கள். கிடங்கின் விளக்கு ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தது. அது எந்தச் சுரம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்கு அது கேட்குமா என்று தெரியவில்லை.

"நீ எது சொன்னாலும் நான் நம்புவேன்," என்றார். "சொல்லு. நான் சுண்டினது உன் காதுல விழுந்துச்சா, இல்லையா?"